தட்டுக்குள் ஒரு மூப்புச் சண்டை

முதலில் அறிய வேண்டியது இது: கண்ணாடித் தட்டில் வளரும் தசைச் செல்கள், உணவு மிகுந்திருக்கும்வரை பிளந்து பெருகும். உணவு குறைந்ததும் அவற்றுள் தசை மரபணு விழித்துக்கொள்ளும். செல்கள் ஒன்றோடொன்று கலந்து தசையிழையாகும்.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில், உணவைக் குறைத்து நான்கு நாளாகியும் ஒரு தட்டில் ஓர் இழைகூட உருவாகவில்லை. நடுவிலிருந்த இரு செல்கள் சண்டையிட்டன; மற்றவை வேடிக்கை பார்த்தன.

“நான் அக்கா. நீதான்டி என்கிட்ட வரணும்.”

“யாரு அக்கா? ஆசையைப் பாரு! நீ வாடி.”

பக்கத்துச் செல் சிரித்தது. “ஒரே செல் ரெண்டாப் பிளந்து பொறந்தவளுங்க நீங்க. இதுல அக்கா ஏது, தங்கச்சி ஏது?”

இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. அப்போது மேலிருந்து ஆய்வாளர் மேகலையின் குரல் கேட்டது.

“நசீமா, இந்தத் தட்டு தேறாது. கொட்டிடலாமா?”

“நாளைக் காலையில ஒரு தடவை பாத்துட்டுக் கொட்டிடுவோம்,” என்றாள் சக ஆய்வாளரான தோழி.

இரு செல்களும் ஒரே நொடியில் பாய்ந்து கட்டிக்கொண்டன. வேடிக்கை பார்த்தவையும் வந்து சேர்ந்தன.

பின்னர் உறுதியானவை: தட்டு கொட்டப்படவில்லை. கலந்த செல்லுக்கு ஒன்றாக, உருவான இழையில் பதினோர் உட்கருக்கள் இருந்தன. அது துடித்ததை ஆய்வாளர் இருவரும் சேர்ந்தே கண்டனர். கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.