பழசுதான் வேணும்

"அக்கா, பில் போட்டாச்சு. தள்ளுபடியில போனதைத் திருப்பி எடுக்க மாட்டாங்களாம். அப்பா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"எந்தத் தள்ளுபடி? நான் வாங்கச் சொன்னது புது மாடல்தானே? படபடக்காம சொல்லுடி."

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டில், காதில் போனோடு உட்கார்ந்திருந்தாள் சின்னவள். மடியில் லேப்டாப். அதற்கு அட்டைப்பெட்டிகூட இல்லை. குமிழ் குமிழான பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக் கதவு இன்னும் பதினெட்டுப் படி தூரம். உள்ளே அப்பா மேஜையைத் துடைத்து, புது லேப்டாப்புக்கு இடம் ஒதுக்கி வைத்துக் காத்திருந்தார்.

"புதுசு வாங்கலக்கா. பழசு. மூணு வருஷத்துக்கு முந்தின மாடல்."

பேனர் டிசைன் செய்யும் ஆபீஸில் வேலையாக இருந்த அக்கா, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் போனில் கேட்டது.

"உனக்கென்ன கழண்டு போச்சா? ரெண்டு மாடலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்து, எது வேணும்னு எழுதியே குடுத்தேனே! அந்தப் பழசுல கிராபிக்ஸ் கார்டே தனியா கிடையாது. நீ சேரப்போறது அனிமேஷன் கோர்ஸ். பத்து செகண்ட் படத்தை அதுல போட்டா, விடியிறவரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும்."

"சுத்தட்டும்."

"என்னது, சுத்தட்டுமா? உனக்காகத்தான்டி மூணு மாசமா ஞாயித்துக்கிழமைகூட இங்க வந்து உக்கார்றேன். கடைக்காரர் உன் தலையில கட்டிட்டாரா? நம்பர் குடு, நான் பேசிக்கிறேன்."

"அவர் பாவம்க்கா. புதுசைத்தான் எடுத்து வெச்சார். 'கண்டவங்க விரலெல்லாம் பட்டதும்மா இது, உனக்கெதுக்கு?'ன்னு தலையில அடிச்சுக்கிட்டார். நான்தான் பழசுதான் வேணும்னு ஒரே பிடியா நின்னேன். அப்புறம் கத்தினேன்."

"நீயா? கத்தினியா?"

வீட்டுக்கு யாராவது வந்தால் தண்ணீர் கொடுக்கக்கூட வெளியே வராதவள் இவள்.

"உள்ளே இருக்கிறதையெல்லாம் அழிச்சு சுத்தமாத் தர்றேன்னு எடுத்துட்டுப் போனார். கவுன்டர் மேல ஏறாத குறையாப் பிடுங்கிட்டேன். 'எதையாவது அழிச்சீங்க, இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்'னு சொன்னேன். கடையே திரும்பிப் பார்த்துச்சு."

அக்காவின் குரல் இறங்கியது. "சரி, மழுப்பாம சொல்லு. அதுக்குள்ள என்ன இருக்கு?"

"என் கதை இருக்கு."

"என்ன கதை?"

"படக்கதை. முப்பத்தெட்டுப் பக்கம். இந்த லேப்டாப்பைக் கடையில ஒரு மேஜை மேல வெச்சு, 'தொட்டுப் பாருங்கள்'னு போர்டு மாட்டியிருந்தாங்க. தொட்டுப் பார்த்தேன். நாலு மாசமாத் தொட்டுப் பார்த்தேன். தினம் ஸ்கூல் விட்டதும் அரை மணி நேரம். ஸ்கிரீன்ல வரையிற பேனாவைத் திருடிடுவாங்கன்னு கயிறு போட்டுக் கட்டியிருப்பாங்க. கயிறு எட்டுற வரைக்கும்தான் கை போகும். அப்படியே வரைஞ்சேன்."

"அடிப்பாவி! அப்போ டியூஷன்?"

"டியூஷன்ல முதல் அரை மணி நேரம் அட்டெண்டன்ஸ்தான்க்கா எடுப்பாங்க."

"பென்டிரைவ்ல ஏத்திட்டு வரவேண்டியதுதானே?"

"அதோட துளையையெல்லாம் பசை போட்டு அடைச்சிருக்காங்க. நெட்டும் கிடையாது. கேட்கப்போய், வரையவே விடலேன்னா? இன்னைக்குப் போனா, அது மேல சிவப்பு அட்டை தொங்குது, தள்ளுபடின்னு. பக்கத்துல ரெண்டு பேர் நின்னு விலை கேட்டுக்கிட்டிருக்காங்க. அவங்க வாங்கினா, ஒரே பட்டன், மொத்தமும் காலி."

"அதுக்காகப் புது மெஷினை விட்டுட்டியா? திரும்ப வரைஞ்சாப் போச்சு!"

"போகாது!" படிக்கட்டு எதிரொலித்தது. அவள் மேலே கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். ஆனால் பின்வாங்கவில்லை. "அதுல ஒவ்வொரு கோடும் என்னோடது. மெதுவா ஓடினா ஓடட்டும், நான் காத்திருக்கேன். அப்பா திட்டட்டும். நீ ஒரு மாசம் என்கூடப் பேசாத. என்னோடதை இன்னொருத்தர் அழிக்கிறதுக்கு நான் விட மாட்டேன். யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

அக்காவிடமிருந்து பெருமூச்சு வந்தது. கூடவே, அடக்க முடியாமல் ஒரு சிரிப்பும்.

"வாயைப் பாரு! சரி, அப்பாகிட்ட நான் பேசுறேன். முதல்ல எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு திறந்து எண்ணிப் பாரு."

பிளாஸ்டிக் தாளைப் பிரித்துத் திறந்தாள். பக்கங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு... அக்கா, முப்பத்தொன்பது இருக்கு."

"தப்பா எண்ணியிருப்பே."

"இல்லக்கா. முப்பத்தெட்டுல என் கதையில வர்ற பொண்ணு தண்ணி டேங்க் உச்சியில மாட்டிக்கிட்டு நிக்கிறா. ஏணி உடைஞ்சுபோச்சு. எப்படி இறக்குறதுன்னு தெரியாம அங்கயே விட்டிருந்தேன். பரீட்சைன்னு மூணு நாளா நான் அந்தப் பக்கமே போகல."

முப்பத்தொன்பதாவது பக்கத்தில் கோணல்மாணலாக ஓர் உருவம். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பள்ளிப் பைகளின் வார்களை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, அண்ணாந்து டேங்கை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. கயிறு பாதி வானத்தில் நின்றது. அதற்கு மேல் வரையவில்லை.

"யாருடி வரைஞ்சது?"

"தெரியலக்கா. இன்னைக்கு மத்தியானம் சேவ் பண்ணியிருக்கு. கீழே ஒரு வரி எழுதியிருக்கு."

"என்னன்னு?"

"'இருங்க, பயப்படாதீங்க. மீதியை நாளைக்கு வந்து வரையிறேன்'னு."

பாதி வானத்தில் நின்ற கயிற்றின் நுனியை அவள் விரலால் தொட்டாள்.

"அக்கா... நாளைக்கு அந்த மேஜைகிட்ட வந்து நிக்கிறவங்களுக்கு நான் என்னக்கா பதில் சொல்றது?"