சீதையின் வலது பாதம்

சாருலதா சீதையாக ஆடியபோது, தீயில் இறங்கும் காட்சியில் அவளுடைய வலது பாதம் சட்டெனச் சுருண்டது. விமர்சகர் திருமலை அதையே பத்து வருடங்களாகப் புகழ்ந்து எழுதி, பின்னால் வந்த சீதைகளையெல்லாம் மட்டம் தட்டினார். இன்று சீதையாக ஆடிய மேகலாவின் பாதமும் அப்படியே சுருண்டது. ஆனாலும் ‘சாருலதா சாருலதாதான்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே ஒப்பனை அறைக்குப் போனார்.

மேகலா பாதத்தின் சிவப்புச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கச் சிவப்பு வந்துகொண்டே இருந்தது.

“சாருக்கா கிட்டயே கேட்டுட்டேன் சார். அன்னிக்கு மேடைப் பலகையில ஆணி துருத்திட்டு இருந்துச்சாம்.”

“இன்னிக்கும் இருந்துச்சாம்மா?”

“இல்ல சார், நான்தான் ஒண்ணு அடிச்சு வெச்சேன். இப்பவாவது அவங்க மாதிரி இருந்துச்சா?”

திருமலை குறிப்பேட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.