பின்னால் வந்த தொப்பி

மூன்றாவது தெருவிலும் அந்தப் பழுப்புத் தொப்பிக்காரர் பின்னால் வந்துகொண்டிருந்தார். டீச்சர் தோள்பையை முன்பக்கம் இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பைக்குள் இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தன. பை பறிபோனால் ஐந்து மணிக்குக் கப்பல் இவர்களை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். முன்பின் தெரியாத ஊரில் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

“என்னங்க, திரும்பிப் பாக்காம கேளுங்க. ஒரு ஆள் நம்மள விடாம வர்றான்.”

கணவர் உடனே திரும்பிப் பார்த்தார். எதைச் செய்யாதே என்கிறோமோ, அதைத்தான் அவர் முதலில் செய்வார்.

“அவரும் ஊர் சுத்திப் பாக்க வந்தவர்தான். கழுத்துல நம்ம கப்பல் அட்டை தொங்குது பாரு.”

“திருடி மாட்டிக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

முப்பது வருடம் பரீட்சை ஹாலில் பிட் அடிப்பவர்களைப் பிடித்த கண் அது. லேசில் ஏமாறாது.

எல்லாம் இவரால் வந்தது. காலையில் துறைமுகத்தில் மற்றவர்கள் கொடி தூக்கிய வழிகாட்டிகளைத் தேடி ஓடியபோது, “மந்தையோட போக நான் என்ன ஆடா?” என்று கேட்டுத் தனியாகக் கிளப்பிக்கொண்டு வந்தார். வந்தவர் ஒழுங்காக நடந்தாரா? பத்தடிக்கு ஒருமுறை நின்று வாயைப் பிளந்தார். அவர் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்று, மடக்கிய சிவப்புக் குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி டீச்சர்தான் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

கோட்டை வாசலில் டீச்சர் நின்றார். தொப்பிக்காரரும் நின்றார். மணிக்கூண்டைத் தாண்டியதும் டீச்சர் சட்டென்று ஒரு சந்துக்குள் திரும்பினார். தொப்பிக்காரரும் திரும்பினார். இப்போது அவரோடு ஒரு குண்டு அம்மாளும் சேர்ந்திருந்தாள், கையில் நோட்டுப்புத்தகத்தோடு.

மூச்சு வாங்கியதால் டீச்சர் ஒரு இடிந்த சுவர் பக்கம் ஒதுங்கினார். அந்த அம்மாள் எதையோ எழுதிக்கொண்டாள். தொப்பிக்காரர் அந்த மொட்டைச் சுவரை இரண்டு படம் எடுத்தார்.

“பாத்தீங்களா? நாம நிக்கிற இடத்தையெல்லாம் குறிச்சு வெச்சுக்கிறாங்க. இது தனி ஆள் வேலை இல்ல, கும்பல்!”

கணவர் டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தார். “அந்த செருப்புக் கடைக்குள்ள பூந்துடு. பின்வாசல் தெரியுது.”

முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வந்தார்கள். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதே பின்வாசல் வழியாகத் தொப்பிக்காரரும் அந்த அம்மாளும் உட்பட ஐந்து பேர் வந்தார்கள்.

“ஓடுங்க!”

இடது, வலது, மறுபடியும் இடது. பின்னால் தடதடவென்று செருப்புச் சத்தம். கடைசித் திருப்பத்தில் ஒரு கிடங்கின் இரும்புக் கதவு, அதில் பெரிய பூட்டு. அதற்கு மேல் தெரு இல்லை.

ஐந்து பேரும் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். பேரப்பிள்ளைகள் முகமெல்லாம் கண்முன் வந்து போயின. ஆனாலும் முப்பது வருடப் பழக்கம் எங்கே போகும்?

“அங்கேயே நில்லுங்க! யாரும் அசையக் கூடாது!”

ஐந்து பேரும் அப்படியே நின்றார்கள்.

“காலையிலேர்ந்து பாக்குறேன். என்னதான் வேணும் உங்களுக்கு?”

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில்தான் எவ்வளவு வருத்தம்!

“ரெண்டு மணி நேரமா உங்க சிவப்புக் குடை பின்னாடியே நாய் மாதிரி ஓடி வர்றோம், மேடம். இந்த ஊரைப் பத்தி எப்பத்தான் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லுவீங்க?”