படிக்கலாம், எழுதக் கூடாது

அந்த ஸ்கேன் சென்டரில் மொத்தம் ஐந்தே கம்ப்யூட்டர்கள். எக்ஸ்ரே ஃபோல்டரை பில்லிங் ஆட்கள் படிக்கலாம், எழுதக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாரோ ஒரு ரிப்போர்ட்டில் கை வைத்துவிட்டார்களாம். அதைச் சரிசெய்ய வந்த கம்ப்யூட்டர்காரன் மீரான், ஃபோல்டருக்குள் ‘மகிழினி’ என்றொரு கோப்பைப் பார்த்தான். நோயாளி பெயராக்கும் என்று திறந்தான். உள்ளே யாரோ இருவர் மாறி மாறி அடித்து வைத்த வரிகள்.

“முன்பல்லு விழுந்துட்டு.”

“எந்தப் பக்கம்?”

“இடது. அழவே இல்ல.”

“அந்தப் பல்ல எனக்குத் தருவியா?”

கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. எக்ஸ்ரே எடுக்கும் கோமதிநாயகமும் பில்லிங்கில் இருக்கும் வடிவும் பிரிந்து இரண்டு வருடமாகிறது, முகம் பார்த்துப் பேசுவதில்லை என்பது மாதாமாதம் வந்துபோகும் மீரானுக்கும் தெரியும். வடிவிடம் வளரும் மகளைப் பற்றி இந்தக் கோப்பில் எழுதிப் பேசிக்கொள்வதுதான் யாருக்கும் தெரியாது.

டாக்டர் சொன்னபடி, பில்லிங் ஆட்கள் எழுத முடியாதபடி அவன் ஃபோல்டரைப் பூட்டினான். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அவர்கள் இரண்டே பேர் கொண்ட குரூப் ஒன்றை உண்டாக்கி, இருவருக்கும் எழுத அனுமதி கொடுத்தான். பிறகு வடிவிடம் போனான்.

“அக்கா, இதுல எதாவது அடிச்சு, சேவ் ஆகுதான்னு பாருங்க.”

திரையைப் பார்த்த வடிவின் கை அப்படியே நின்றது. “படிச்சிட்டியளோ தம்பி?”

“நான் பெர்மிஷன் பாக்கத்தான் வந்தேன்க்கா.”

அவள் ஏதோ அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்துச் சேமித்தாள்.

எக்ஸ்ரே அறைக்குள்ளிருந்து கோமதிநாயகத்தின் குரல் வந்தது. “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்கய்யா.”

கதவிடுக்கில் தெரிந்த அவர் திரையில் ‘மகிழினி’ திறந்தது. ‘விடுங்க’ என்ற சொல் வரவேயில்லை.

“சார்... விட்டுரட்டா?” என்று உள்ளே யாரோ திணறிக்கொண்டு கேட்டார்.