பழுதென்று பதிந்த சத்தம்

காலை பத்து மணிக்கு வீடு மொத்தமாக நின்றுவிட்டது. அடுப்பு பற்றவில்லை, தண்ணீர் ஏறவில்லை, வாசற்கதவும் திறக்கவில்லை. வெளியே மகள் நறுமுகை பெட்டியோடு நின்றாள்.

"புது மாப்பிள்ளை வந்ததும் மகளை வெளிய நிறுத்திட்டியேம்மா!"

"கொஞ்சம் சும்மா இருடி, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

மூன்று மாதத்துக்கு முன்பு, ஐம்பத்திரண்டாவது வயதில், வசுமதி ஞானசேகரை மணந்திருந்தாள். 'சந்தோஷமா இருக்கியாம்மா?' என்று மகள் போனில் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவாள். தனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? அதை நேரில் பார்க்கத்தான் நறுமுகை வந்திருந்தாள்.

வீட்டில் எல்லாவற்றையும் இயக்கும் சர்வர் கணினியை வசுமதி திறந்து பார்த்தாள். டிஸ்க்கில் ஓர் எழுத்து எழுதக்கூட இடமில்லை. அதனால்தான் எல்லாம் நின்றிருந்தன. வீட்டில் நடப்பதைக் குறித்துவைக்கும் ஒரே ஒரு லாக் ஃபைல் அத்தனை இடத்தையும் அடைத்திருந்தது. பத்து வருடம் அவள் தனியாக வாழ்ந்த வீடு அது. பழக்கமில்லாத சத்தம் கேட்டால் பழுதென்று ஒலியோடு பதிந்துவைக்கும். மூன்று மாதமாக ஒரே பழுதுதான். சமையலறையில், குளியலறையில், மாடிப்படியில்கூட.

ஒரு பதிவை ஓடவிட்டுக் கேட்டாள். சுருதி சேராமல் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அது அவள் குரல்.

"தினமும் பாடுறியே, உனக்கே தெரியாதா?" என்றார் பின்னால் வந்து நின்ற ஞானசேகர்.

இது பழுதல்ல என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு, ஃபைலைக் காலி செய்தாள். கதவு திறந்தது.

"என்னம்மா ஆச்சு வீட்டுக்கு?"

"நான் பாடிக்கிட்டே இருந்திருக்கேன்டி," என்றாள் வசுமதி, சிரிப்பை அடக்க முடியாமல். "அதுக்கு இடம் போதலையாம்."