காற்று வாங்கிய தகடுகள்

“தண்ணிக்குள்ளை கிடந்தால் பேரை ஆர் தம்பி வாசிக்கிறது? மீனோ?”

கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த பரராசசிங்கம் இப்படிக் கேட்டதும் மெக்கானிக் கீர்த்திகன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

அனலைதீவின் நோயாளர் படகுக்கென்று அவர் கொண்டுவந்தது ஒரு சோடி ட்ரிம் டாப். படகு வேகம் எடுக்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்காமல், பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்து மட்டமாக ஓடவைக்கும் தகடுகள். நல்ல சாமான்தான். ஆனால் பளபளவென்று பெயின்ற் அடித்து, இரண்டிலும் ‘உபயம்: பரராசசிங்கம், கனடா’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

“அண்ணை, இது படகின்ரை அடிவிளிம்போடை, தண்ணிக்குள்ளை நிண்டால்தான் வேலை செய்யும்.”

“ஒரு முழம் உயர்த்திப் பூட்டும். துறையிலை நிக்கிறவைக்கு வடிவாத் தெரியவேணும்.”

“உயர்த்தினால் காத்துத்தான் வாங்கும்.”

“வாங்கட்டும். பேர் தெரிஞ்சால் காணும்.”

கீர்த்திகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? அவன் மனைவி நிருஜாவுக்கு இது நிறைமாதம். வலி கண்டால் இந்தப் படகில்தான் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். படகோ, கொஞ்சம் வேகமெடுத்தால் நோயாளியைப் பின்பக்கம் சறுக்கவைத்துவிடும். போதாக்குறைக்கு, பழைய எஞ்சின் நினைத்த நேரம் நடுக்கடலில் நின்றுவிடும். புது எஞ்சின் கேட்டு வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் எல்லாருக்கும் ஊர்ச் சங்கம் சொல்லிப் பார்த்துவிட்டது. வரவேற்பு வளைவு வந்தது, கோயிலுக்கு மணிக்கூடு வந்தது, எஞ்சின் மட்டும் வரவில்லை.

“தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாது. பூட்டும்,” என்றார் சங்கத் தலைவர். பல்லைக் கடித்துக்கொண்டு கீர்த்திகன் பூட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. நாதஸ்வரம், தவில் எல்லாம் வந்தன. தகடுகளுக்குச் சந்தனம், குங்குமம், தனித்தனியே மாலை. பரராசசிங்கம் நாடா வெட்டி, வேட்டி நனைய நனையத் தண்ணீரில் இறங்கித் தகடுகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பித்தார். “பேர் விழுந்ததோ?” என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டார்.

பிறகு சங்கத்தாரை ஏற்றிக்கொண்டு படகு புறப்பட்டது. வேகமெடுத்ததும் மூக்கு வழமைபோல வானத்துக்குப் போயிற்று. தலைவர் செயலாளரின் மடியில் போய் இருந்தார், செயலாளர் பொருளாளரின் மடியில் இருந்தார். தவில்காரர் தவிலைக் கட்டிப்பிடித்தபடி சறுக்கிவந்து மூவர் மேலும் சேர்ந்தார். தகடுகள் மாலையும் கழுத்துமாகக் காற்று வாங்கின.

துறையில் நின்ற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “பேர்தான் ஓடுது, படகு ஓடேல்லை,” என்றாள் சிவரூபி அக்கா. பரராசசிங்கத்துக்கு எதுவும் காதில் விழவில்லை. உலகெங்கும் உள்ள அனலைதீவாருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்புவதில் மனுசன் மும்முரமாக இருந்தார்.

பொழுதுபட, கீர்த்திகன் அவர் வீட்டுக்கே போய்விட்டான்.

“அண்ணை, கோவிக்காதையுங்கோ. நாளைக்கு உந்தத் தகடுகளைக் கழட்டிக் கீழை பூட்டப்போறன். என்ரை மனிசி போகவேண்டிய படகு. உங்கடை பேருக்காக அவளைப் பலி குடுக்க ஏலாது.”

பரராசசிங்கம் எழும்பிப்போய், அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை இழுத்துவந்து அவன் முன்னால் வைத்தார். உள்ளே இன்னொரு சோடி ட்ரிம் டாப், புத்தம் புதிது. பேரும் இல்லை, ஊரும் இல்லை.

“இதைத் தண்ணிக்குள்ளை பூட்டும். புரொப்பலரிலை இருந்து ரெண்டு பக்கமும் தள்ளிப் பூட்டும். மேலை இருக்கிறது அங்கை ஆரோ கழட்டி எறிஞ்ச பழசு. அது அப்பிடியே கிடக்கட்டும்.”

“அப்ப அது என்னத்துக்கு அண்ணை?”

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பரராசசிங்கம் ஸ்பீக்கரில் போட்டார். லண்டனில் கடைகடையாகத் திறந்துவைத்திருக்கும் அதே ஊர்த் துஷ்யந்தனின் குரல்.

“என்ன அண்ணை, ரெண்டு தகட்டைப் பூட்டிப்போட்டு ஊரையே வாங்கின மாதிரிப் படம் போடுறியள்? நான் புது எஞ்சின் தாறன். ஆனால் என்ரை பேர் உங்கடை பேருக்கு மேலை வரவேணும்.”

“அது எனக்கு மரியாதைக் குறைவெல்லோ தம்பி,” என்று பரராசசிங்கம் அழாக்குறையாகச் சொன்னார். “நல்ல பெரிய எஞ்சினெண்டால் யோசிக்கலாம்.”

“இருக்கிறதிலையே பெரிசு. இந்தக் கிழமையே கொழும்பிலை இருந்து வரும்.”

போனை வைத்ததும் அவர் முகத்திலிருந்த துக்கம் போன இடம் தெரியவில்லை.

கீர்த்திகனுக்கு இன்னும் விளங்கவில்லை. “இவ்வளவு கூத்து ஏன் அண்ணை? நீங்களே அந்த எஞ்சினைத் தந்திருக்கலாமே?”

“நான் அங்கை ஒரு கொம்பனியிலை நிலம் துடைக்கிறவன் தம்பி. எஞ்சின் வாங்க என்னாலை ஏலாது. வாங்கக்கூடியவனுக்கு எரிச்சல் மூட்ட மட்டும்தான் ஏலும்.”