விரிசல் இருந்தால் லீவு இல்லை

கார்த் தகட்டின் பன்னிரண்டாவது வெல்டிங் இணைப்பையும் குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள் ஹேரிம்.

"ஒரு விரிசல் தெரிஞ்சாலும் உங்களுக்கு லீவு கிடையாது, தோஜுன். மறுபடி முதல்லேருந்து."

தோஜுன் கடிகாரத்தைப் பார்த்தான். "நாளைக்கு எனக்குக் கல்யாணம், மேடம். பொண்ணு என்னைக் கொன்னுடுவா."

"கொல்லட்டும். இந்தத் தகட்டுல செய்யிற கார்ல குழந்தைங்க போகும். இந்தத் தடவை என்ன மாத்தினீங்க?"

"கரண்ட்டை நிறுத்தினதும் மெஷினோட பிடியை விடலை. மேல பூசின துத்தநாகம் உருகி ஸ்டீலுக்குள்ள இறங்கினாத்தான் விரிசல் விடுது; அது உறையிற வரைக்கும் அழுத்திப் பிடிச்சோம்."

இரண்டு நிமிடம் அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"சுத்தமா இருக்கு." கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். "ம், கிளம்பு. பூசானுக்கு நம்ம ரயில் அரைமணியில. நாளைக்கு நான் உடுத்தவேண்டிய கல்யாண ஹன்போக் உடையை இன்னும் தையல்காரர்கிட்ட வாங்கலை."